முக்திநாத்தில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான நூற்றெட்டு திவ்ய தேசங்களில் இந்த உடம்போடு போய்ச் சேவிக்கக்கூடியவை 106. திருப்பாற்கடலும் பரமபதமும் மிச்சம். அந்த 106-ல் இந்திய எல்லைக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்றுதான். நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் திருச்சாளக்கிராமம். முக்திநாத் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்.

ஒவ்வொரு திவ்ய தேசமாக முடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது பெரும்பாலும் கடைசியில்தான் அமைகிறது. செலவும் அலைச்சலும் அப்படி. அதனாலேயே வந்து சேர்ந்ததும் ஒரு பரபரப்பு. குளியல், தரிசனம், போட்டோ, உடனே இறக்கம். மேலே ஒரு மணி நேரம்கூட இருக்காமல் திரும்பியவர்களைக் கண்ணெதிரே பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்கள் போட்டுத் தருகிற திட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். முக்திநாத் போவதானால் ஒரு ராத்திரியாவது மேலே தங்குகிற மாதிரி போங்கள்.

நான் போனது பெரியம்மாவோடு. எழுபதை நெருங்குகிற வயது அவருக்கு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இந்த ஊருக்கு ஒரு பதிகம் பாடியிருக்கிறார். பாட்டுக்குப் பாட்டு "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்று நெஞ்சை விரட்டுகிற பதிகம். பெரியம்மாவுக்கு அது சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். "இத்தனை வருஷமா நெஞ்சை மட்டும் அனுப்பிட்டிருந்தேன், இப்போ காலையும் கூட்டிட்டுப் போ" என்றார். அப்புறம் மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆழ்வார் பாடிய சாளக்கிராமம் முக்திநாத்தானா, இல்லை இன்னும் வடக்கே மலைக்குள் இருக்கும் தாமோதர குண்டமா என்று பெரியவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. நடைமுறையில் நம்மவர்கள் போய்ச் சேவிப்பது முக்திநாத்தைத்தான். பெருமாளாகவே வைத்துப் பூஜிக்கிற சாளக்கிராமக் கல் கிடைக்கிற ஆற்றுப் பிரதேசம் முழுக்கவே அந்த க்ஷேத்திரம்தான் என்பது பெரியம்மாவின் முடிவு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் உண்டு. இருபது நிமிடம்தான். ஒரு பக்கம் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். இன்னொரு பக்கம் தௌலகிரி, 8,167 மீட்டர். நடுவில் காளி கண்டகி ஆறு அறுத்துக்கொண்டு வந்த பள்ளத்தாக்கு. விமானம் மலைகளுக்கு மேலே பறப்பதில்லை, அந்தப் பள்ளத்தாக்கின் ஊடாகவே போகிறது. காலையில் மட்டும்தான் சேவை. வெயில் ஏற ஏற, வடக்கே இருக்கும் வறண்ட மேட்டுநிலம் சூடாகி, கீழேயிருந்து காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். மதியத்துக்கெல்லாம் ஜோம்சோம் தெருவில் மண் பறக்கிற காற்று. காலையில் மேகம் இருந்தாலும் விமானம் கிடையாது. எனவே விமான டிக்கெட்டை நம்பி மறுநாளைக்கு மறுநாள் டெல்லியில் வேறு விமானம் பிடிக்கிற மாதிரி யாரும் திட்டம் போட வேண்டாம்.

நாங்கள் கிளம்ப வேண்டிய அன்று மேகம். ஜீப்பில் போனோம். சாலை மோசம்தான், பேனி தாண்டியதும் இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தன் இருப்பைச் சொல்லும். மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. இருந்தாலும் ஒரு வழியாவது தரைவழி போவது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். தாதோபானியில் ஈரமான பச்சைக்காடு. ரூப்சே அருவி சாலையின் மேலேயே வந்து விழுகிற மாதிரி இருக்கிறது. காசா தாண்டினால் ஊசியிலை மரங்கள். அதற்கும் மேலே மரங்களும் நின்றுபோய், மண்ணும் கல்லும் காற்றும் மட்டும். பருவமழை மேகத்தை இரண்டு பெரிய மலைகளும் தெற்கிலேயே மறித்துவிடுகின்றன. ஒரே நாளில், ஒரே ஆற்றங்கரையோடு, கேரளா மாதிரி ஒரு பூமியிலிருந்து பாலைவனத்துக்குப் போய்விடுகிறோம். இருபது நிமிட விமானத்தில் இந்த மாற்றம் கண்ணில் படும், மனதில் ஏறாது.

அன்றே முக்திநாத் ஏறாமல் மார்ஃபாவில் தங்கினோம். வெள்ளையடித்த கல்வீடுகள், கூரை மேல் அடுக்கிய விறகு, தெருவுக்கு அடியிலேயே ஓடுகிற கால்வாய், எங்கே பார்த்தாலும் ஆப்பிள் தோட்டம். தக்காலி இன மக்களின் ஊர். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு என்று அவர்கள் போடுகிற தால்பாத் பெரியம்மாவுக்கு ஒத்துக்கொண்டது. இரண்டாம் தடவை கேட்காமலே வந்து பரிமாறுகிறார்கள்.

தங்கியதற்கு முக்கியமான காரணம் உடம்பு. போக்கரா 800 மீட்டர் சொச்சம். முக்திநாத் 3,700. அங்கே மூச்சுக்கு மூச்சு கிடைக்கிற ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரே நாளில் அவ்வளவு ஏறினால் யாருக்கு வேண்டுமானாலும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். வயதுக்கும் வலுவுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. நாங்கள் மேலே இருந்தபோது, போக்கராவிலிருந்து நேராக ஏறி வந்த ஒரு குழுவில் வாட்டசாட்டமான ஒருவர் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டார். கூட வந்த வழிகாட்டி விவரமானவர். மாத்திரை, இஞ்சி டீ என்று நேரம் கடத்தாமல் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார். அறிகுறி கூடினால் இறங்குவதுதான் வைத்தியம், வேறு எதுவும் அதற்கு ஈடில்லை. மார்ஃபா, ஜோம்சோம், காக்பேனி மூன்றும் 2,700 மீட்டரை ஒட்டியவை. இவற்றில் ஒன்றில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து போனால் உடம்பு பழகிக்கொள்ளும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

வண்டிகள் ராணிபௌவா என்கிற ஊரில் நின்றுவிடும். அங்கிருந்து ஏற்றம், அப்புறம் படிகள். நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. பெரியம்மா குதிரையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் மெதுவா வரேன், அவசரம் என்ன" என்று நடக்க ஆரம்பித்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். நின்ற இடத்திலெல்லாம் திரும்பிப் பார்த்தால் தௌலகிரி. மதிலுக்குள் நுழைந்ததும் தண்ணீர்ச் சத்தம். சுற்றிலும் மைல் கணக்கில் ஒரு புல்கூட இல்லாத மலை, அதன் நடுவே இந்த ஒரு இடத்தில் மட்டும் நெட்டையான பாப்லர் மரங்களும் வாய்க்கால்களும். ஆழ்வார் இதைத் தடாகங்கள் சூழ்ந்த அழகான ஊர் என்கிறார். வழியெல்லாம் வறண்ட மண்ணைப் பார்த்து வந்தவர்களுக்கு அது அலங்கார வார்த்தையாகத் தோன்றாது.

கோயில் சின்னது. நேபாளத்துக்கே உரிய அடுக்குக் கூரை. அதன் பின்புறம் அரைவட்டமாக ஒரு சுவர், அதில் 108 தாரைகள். மாட்டு முகம் வைத்த குழாய்கள், ஒவ்வொன்றிலிருந்தும் விடாமல் கொட்டுகிற தண்ணீர். தலைக்கு மேலே இருக்கிற மலையில் உருகிய பனி அது. எல்லோரும் ஒரு முனையில் புகுந்து, குனிந்தபடி ஓடி, மறுமுனையில் வெளியே வருகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் நாலைந்து தாரையில் மூச்சு அடைக்கும், இருபதுக்கு மேல் தலை மரத்துப்போகும், அப்புறம் உடம்பு இருக்கிற இடமே தெரியாது. வெளியே வந்தால் முன்னால் இரண்டு குண்டங்கள். அவற்றிலும் முங்கி எழ வேண்டும் என்பது வழக்கம்.

நான் ஓடினேன். பெரியம்மாவை ஓட விடவில்லை. அவர் ஒவ்வொரு தாரையாக நின்று, கையில் ஏந்திய தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு திவ்ய தேசத்தின் பேரைச் சொல்லிக்கொண்டே நகர்ந்தார். திருவரங்கம், உறையூர், தஞ்சை மாமணிக்கோயில் என்று வரிசை பிசகாமல். பின்னால் வந்தவர்கள் வழிவிட்டுத் தாண்டிப் போனார்கள். சோழநாட்டு நாற்பதும் முடிகிற வரைக்கும் விரல்கள் சிவந்து விறைத்துவிட்டன. "போதும் பெரியம்மா, மிச்சத்தை வெயில் வந்ததும் பார்த்துக்கலாம்" என்றேன். "நாளைக்கும் இருக்கோம்ல?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் நகர்ந்தார். தங்குவதால் கிடைக்கிற முதல் லாபம் இதுதான். குளிர் தாங்காதவர்கள் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. தெளித்துக்கொண்டாலே போதும் என்று உள்ளே இருந்தவர்களும் சொன்னார்கள். இன்னொரு விஷயம், குளித்த ஈரத்துணியை அங்கேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். நம்மவர்கள் விட்டுப்போன துணிகளை யாரோ குனிந்து பொறுக்க வேண்டியிருக்கிறது.

பெருமாள் இங்கே ஸ்ரீமூர்த்தி. ஆளுயரத் திருமேனி. பூஜைக்கு இந்து பூசாரி இருக்கிறார். ஆனால் கோயிலைப் பார்த்துக்கொள்வது பௌத்தப் பெண் துறவிகள். அரக்குச் சிவப்பு அங்கியும் மழித்த தலையுமாகச் சன்னதியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் சுமிக் க்யாட்சா, நூறு நீர்கள். நமக்கு விஷ்ணுவாக இருக்கிற அதே மூர்த்தி அவர்களுக்குக் கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர். திபெத்துக்குப் போகிற வழியில் பௌத்த குரு பத்மசம்பவர் இங்கே தவம் செய்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரே மூர்த்தியை இரண்டு சமயத்தார் இரண்டு பெயரில் கும்பிடுகிறார்கள், நடுவில் கயிறு கிடையாது, நேரம் பிரித்துக்கொள்வது கிடையாது. படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். ஆனாலும் ஒரு பிக்குணியின் கையிலிருந்து பெருமாள் பிரசாதத்தை வாங்கியபோது ஏற்பட்ட நிறைவைப் படிப்பு தந்திருக்க முடியாது.

மாலையில் ஜீப்புகள் எல்லாம் இறங்கிவிடுகின்றன. நாங்கள் மறுபடியும் மேலே போனபோது வளாகத்தில் பத்துப் பேர்கூட இல்லை. பெரியம்மா சன்னதி ஓரமாக நின்று பதிகத்தைச் சேவிக்க ஆரம்பித்தார். காலையில் இதே இடத்தில் ஒரு பாட்டுக்குக்கூட நிற்க முடியாமல் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். இப்போது ஒரு பிக்குணி எழுந்து ஒரு கம்பளத் துண்டை எடுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். மானும் யானையும் திரியும் காட்டைக் கடந்து போன ராமனில் தொடங்கி, பத்துப் பாட்டும் நிதானமாக முடிந்தது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்தப் பெண் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தன் உடைந்த இந்தியில், "அக்னி பார்த்தீர்களா?" என்றார்.

நாங்கள் பார்த்திருக்கவில்லை. அதே வளாகத்தில், சற்றுத் தள்ளி, ஜ்வாலா மாயி என்கிற சின்னக் கோயில். உள்ளே அமைப்பு முழுக்க பௌத்த மடம்தான். பீடத்தின் அடியில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, கம்பிவலை போட்ட ஒரு பொந்து. துணியை விலக்கி, தரையில் கிட்டத்தட்டப் படுத்து எட்டிப் பார்க்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகச் சில நொடி ஆகிறது. பிறகு தெரிகிறது, பாறை இடுக்கில் சுண்டுவிரல் உயரத்துக்கு நீலமாக ஒரு சுடர். எண்ணெய் இல்லை, திரி இல்லை. பூமிக்குள்ளிருந்து கசிகிற இயற்கை எரிவாயுவில் எரிகிறது. பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. முன்பு கல், மண், நீர் மூன்றிலும் தனித்தனியாக எரிந்ததாகச் சொல்கிறார்கள். வாயு எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கிவிடலாம். ஊற்றும் நெருப்பும் இப்படி அடுத்தடுத்து வாய்த்த இடத்தைக் கண்டுபிடித்து, அதைச் சாதாரணமாக விட்டுவிடாமல் காத்து வந்த மனிதர்களை நினைத்தால்தான் எனக்கு வியப்பு. பெரியம்மா எழுந்திருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். எதுவும் கேட்கவில்லை.

ராத்திரி குளிர் கடுமை. விடுதியில் கொடுத்த இரண்டு ரஜாய்க்கு மேலே நாங்கள் கொண்டுபோன கம்பளியும் தேவைப்பட்டது. காலையில் பெரியம்மா, சொன்னபடியே, விட்ட தாரையிலிருந்து ஆரம்பித்து மிச்சப் பெயர்களை முடித்தார். அதே வேளையில் மேலே 5,416 மீட்டர் உயரத் தோரங் கணவாயைக் கடந்து அன்னபூர்ணா சுற்று நடையாளர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வாகனச் சாலை வருவதற்கு முன்பு நம் ஊர் யாத்ரீகர்களும் போக்கரா பக்கத்திலிருந்து இப்படித்தான் நாள்கணக்கில் நடந்து வந்தார்கள்.

இறங்கும்போது காக்பேனி. காளி கண்டகியும் முக்திநாத் பக்கமிருந்து வரும் ஓடையும் கூடுகிற இடம். பிதுர் காரியம் செய்ய நேபாளம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். படித்துறையை ஒட்டி சாளக்கிராமங்களைத் துணி விரித்து விற்கிறார்கள். ஒரு வியாபாரி இரண்டு பாதியாகப் பிளந்த கல் ஒன்றைக் கையில் கொடுத்தார். மேலே வழவழப்பான கருப்புக் கல். உள்ளே ஒரு பாதியில் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட உருவம், வரிவரியாக. மறு பாதியில் அதே உருவத்தின் அச்சு, ஒரு வரி விடாமல். சேர்த்து மூடினால் கோடுகூடத் தெரியாமல் பொருந்திவிடுகிறது. அந்தச் சுருள்தான் நாம் சக்கரம் என்று சேவிப்பது.

அது அம்மோனைட் என்கிற கடல் உயிரியின் ஓடு. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் தெத்திஸ் என்கிற கடலுக்கு அடியில் கிடந்தது. செத்த உயிர் சேற்றில் புதைந்து, அதைச் சுற்றி மண் இறுகிக் கல்லானது. பின்னால் இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோத, கடற்படுகையே மேலே எழும்பி இமயமலையாயிற்று. மலையை ஆறு அரிக்கிறது, கல் உருண்டு வருகிறது, நம் பூஜை அறைக்கு வந்து சேர்கிறது. இதைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் முழுக்கதையும் சொன்னேன். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பாற்கடல்ல படுத்திருக்கிறவர்தானே? கடல்லேர்ந்து வந்த கல்லுலதான் இருப்பார்" என்றார். மீதமிருக்கிற 107-வதான திருப்பாற்கடலை இனிமேல் வேறு எங்கும் தேட வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும், ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம். முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் நுழைவு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவர்க்கு 1,000 நேபாள ரூபாய். நம் ஒரு ரூபாய் அவர்கள் பணத்தில் 1.60. வானம் தெளிவாக இருப்பது அக்டோபர், நவம்பரிலும் மார்ச் முதல் மே வரையிலும். ஆவணி அவிட்டப் பௌர்ணமியில் பெரிய கூட்டம் கூடும், அந்தச் சமயத்திலேயே அந்தப் பக்கத்து மக்களின் யார்துங் குதிரைத் திருவிழாவும் வரும். ஆனால் அது மழைக்காலம், சாலையை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். ராணிபௌவாவில் தங்க விடுதிகள் நிறைய இருக்கின்றன. உங்கள் யாத்திரைத் திட்டத்தில் அந்த ஒரு ராத்திரி இல்லையென்றால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மேகம் இல்லை. ஜோம்சோம் விமான நிலையத்தில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு தமிழ்க் குழு. நாங்கள் போன அதே நாளில் ஏறி, தரிசனம் முடித்து, உடனே இறங்கியவர்கள். ஒரு அம்மாள் பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். பேச்சு ஜ்வாலா மாயிக்கு வந்தது.

"அணையாத நெருப்பா? அது எங்கக்கா இருந்துச்சு?"

"கோயிலுக்குப் பக்கத்துலேயேம்மா. அதே மதிலுக்குள்ள."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "சொல்லவே இல்லையே யாரும். இனிமே எங்கக்கா வரப்போறோம்" என்றார். பெரியம்மா அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பொந்து, கம்பிவலை, நீலச்சுடர், தண்ணீர்ச் சத்தம் என்று பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். விமானத்துக்குக் கூப்பிடும்போது அந்த அம்மாள் போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "என் தம்பி குடும்பம் அடுத்த வருஷம் வர்றாங்க. ரூமுக்கு இப்பவே சொல்லி வைக்கணும், அங்கே எந்த ஓட்டல்ல தங்குனீங்க?" என்று கேட்டார்.